மணக்கொல்லைக்குத் தண்ணீர் பார்க்க வந்தவர்கள்

மயிலாடுதுறைக் கடைத்தெருவில் ஜாஃபர் சாதிக் நடத்திவந்த ஹார்டுவேர்ஸ் கடையில் ராம்கி ஒரு வருஷமாக எல்போ வாங்கிக்கொண்டிருந்தான். எல்போ என்பது பைப் திரும்ப வேண்டிய இடத்தில் மாட்டுகிற வளைவு. மடக்கிய முழங்கை மாதிரி இருக்கும். மற்ற பிளம்பர்கள் அதைப் பை பையாக வாங்கிப் போவார்கள். ராம்கி ஒன்று வாங்குவான். மறுநாள் வந்து இன்னொன்று வாங்குவான்.

"ஏன் தம்பி, ஒரு வீட்டுல எத்தனை திருப்பம்தான் இருக்கும்?" என்று ஜாஃபர் சாதிக் ஒருநாள் கேட்டார். "வீட்டுக்குத் தண்ணி கொண்டு போறீங்களா, இல்ல தண்ணிக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்களா?"

பில் போடும் மேசையில் இருந்த பூர்ணிமா தலை நிமிராமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனை எல்போவும். அவன் வீட்டுக் கொல்லையில் அரையங்குல எல்போ மட்டும் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்துவிட்டது. ஒன்றைக்கூட அவன் மாட்டவில்லை. மாட்டினால் தீர்ந்துபோகும் என்று பயந்தானோ என்னவோ.

ராம்கிக்கு ஊர் மணக்கொல்லை. தரங்கம்பாடிக்கு மேற்கே, வயல் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்குகிற இடம். குடிக்கக் கொள்ளிடத்துத் தண்ணீர் குழாயில் வரும். மற்றதுக்கெல்லாம் போர்த் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஊரே உப்புத் தண்ணீர் என்று சொன்னாலும் அதில் உப்பு கொஞ்சம்தான், சுண்ணாம்பு அதிகம். சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதில் திரிந்த பால் மாதிரி ஏதோ மிதக்கும். வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் முட்டை ஓடு போல வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். துவரம்பருப்பைக் காலையில் அடுப்பில் ஏற்றினால் மத்தியானம் வரை அது துவரம்பருப்பாகவே இருக்கும்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது வேறொன்று. மேற்கே நல்ல தண்ணீர் ஊர்க்காரர்கள் மணக்கொல்லைக்குப் பெண் கொடுப்பதில்லை. நிலம் இருக்கிறதா, வேலை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், "போர் தண்ணி எப்படி?" என்று கேட்பார்கள். முப்பத்திரண்டு வயதில் ராம்கிக்கு நிலமும் கொஞ்சம் இருந்தது, பிளம்பிங் வேலையும் இருந்தது, தலைமுடிகூட முக்கால்வாசி இருந்தது. தண்ணீர்தான் ஜாதகத்தில் இடித்தது.

தண்ணீரை மாற்றுவது என்று அவன் இறங்கியது இப்படித்தான். கடற்கரையோரம் மூடிப்போன ஒரு விடுதியின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது ஆளுயரத்துக்கு ஒரு நீல உருளை யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் என்று காவலாளி சொன்னார். ராம்கி அதைத் தூக்கி வந்து திறந்து பார்த்தான். உள்ளே மீன் சினை போல மஞ்சள் மஞ்சளாகப் பொடிக் குருணைகள். தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது குருணை சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து வயிறு நிறைந்தால் சோம்பிவிடும். அப்போது கெட்டியாக உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றினால், பிடித்த சுண்ணாம்பையெல்லாம் கக்கிவிட்டுப் புதிதாகிவிடும். அதன்பிறகு உப்பு போகும் வரை நல்லா அலசிவிட வேண்டும். அலசாமல் உருளையின் கைப்பிடியை வீட்டுப் பக்கம் திருப்பினால் வீட்டுக்கு உப்புத் தண்ணீர்தான் போகும்.

இவ்வளவையும் அவனாகவே, ஒவ்வொரு தப்பாகச் செய்து கற்றுக்கொண்டான். முதல் தடவை அடிச் சல்லடையை மாட்ட மறந்துவிட்டான். குருணை அத்தனையும் பைப் வழியே வீட்டுக்குள் வந்துவிட்டது.

"டேய், குழாய்ல ஜவ்வரிசி வருதுடா!" என்று அம்மா சாவித்திரி அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். கணவர் போனபின் தனியாளாக நின்று மகனை வளர்த்தவள், எதற்கும் அசரமாட்டாள். வந்ததை வடிகட்டிக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தாள். அவன் போய்ச் சேர்வதற்குள் பாயசத்துக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது.

ஊருக்கு அவன் வேலை பெரிய வேடிக்கையாக இருந்தது. உப்புத் தண்ணீரைச் சரி பண்ண மூட்டை மூட்டையாக வேதாரண்யத்துக் கல்லுப்பு வாங்குகிறவனை என்னவென்று சொல்வது? "நெருப்பணைக்க டீசல் வாங்கப் போறான்" என்று டீக்கடையில் சொன்னார்கள். ஆனால் ஒருநாள் வந்தது. சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டான். இத்தனை நாளும் ரோஜாப்பூச் சிவப்பாக ஆன தண்ணீர், அன்றைக்கு நல்ல நீலமாக மாறிற்று. சிவப்பு என்றால் சுண்ணாம்பு இருக்கிறது. நீலம் என்றால் இல்லை. ராம்கி கொல்லையிலேயே ஒரு குதி குதித்தான். அந்த நீலத்தைப் படமெடுத்துப் பூர்ணிமாவுக்கு அனுப்பினான். அவள் பதிலுக்கு ஒரு எல்போ படம் அனுப்பினாள். அதிலிருந்து அவன் தினமும் காலையில் ஒரு நீலம் அனுப்புவதும், அவள் சிரிக்கிற முகம் அனுப்புவதும் வழக்கமாயிற்று.

ஜாஃபர் சாதிக்தான் நேரில் போய்ப் பூர்ணிமாவின் அப்பா தியாகராசனிடம் பேசினார். திருவிடைமருதூர்ப் பக்கம் நஞ்சை வைத்திருக்கும் மனிதர் அவர். எதற்கும் சரி என்று சொல்கிற சுபாவம். சொல்லிவிட்டு அக்காவைக் கேட்க வேண்டும் என்பார். அக்கா ராசம்மாள் கூடாது என்றுவிட்டாள்.

ராசம்மாளுக்குக் காரணம் இருந்தது. அவளை அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். போகும்போது இடுப்புக்குக் கீழே தொங்கிய சடை, அந்த ஊர்ப் போர்த் தண்ணீரில் குளித்துக் குளித்து எலிவாலாகிவிட்டது. தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அவள் அம்மாவே முதலில் யாரோ என்று நினைத்தாளாம். "என் தலைக்கு நேர்ந்தது என் மருமக தலைக்கு வேணாம்" என்று அவள் சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. அந்தக் கொண்டையைப் பார்த்தால் வராது.

கடைசியில் பூர்ணிமா சாப்பிடாமல் இரண்டு வேளை இருந்து ஒரு வழி பண்ணினாள். மாப்பிள்ளை வீடு பார்க்க ஒருமுறை போய்வருவது என்று முடிவாயிற்று. வழக்கமாக அதில் அடுக்களை எங்கே, கொல்லை எவ்வளவு, கழிப்பறை உண்டா என்று பார்ப்பார்கள். ராசம்மாள் போகிறது அதற்கல்ல.

"நான் தண்ணி பார்க்கத்தான் வர்றேன்" என்று அவள் தியாகராசனிடம் சொல்லி அனுப்பினாள். "தண்ணி சரியில்லன்னா காப்பிகூடக் குடிக்காம எழுந்திருச்சிருவேன். பேச்சு அத்தோட முடிஞ்சுது."

குறித்தது வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து ராகுகாலம். அதனால் பன்னிரண்டு மணிக்கு மேல் வருவதாகப் பேச்சு. ராம்கி கணக்குப் போட்டான். காலையில் மாடித் தொட்டியைச் சுத்தமாகக் காலி பண்ணிக் கழுவுவது. உருளைக்கு உப்பு கொடுத்துப் புதிதாக்குவது. பதினொன்றுக்குள் அலசி முடித்து, தொட்டி நிறையப் புதுத் தண்ணீர் ஏற்றுவது. அவன் வாழ்க்கையிலேயே மிருதுவான தண்ணீர் அன்றைக்கு வரப்போகிறது என்று சந்தோஷமாகச் சீட்டியடித்துக்கொண்டு கொல்லையில் நின்றான். செல்போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அதில் பூர்ணிமாவிடமிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி வந்து விழுந்தது. 'அத்தை டைம் மாத்திட்டாங்க.' 'கிளம்பிட்டாங்க.' 'ஐயோ பாருங்களேன்.'

உப்பெல்லாம் இறங்கி, அலசத் தொடங்கலாம் என்று அவன் கைப்பிடியில் கை வைத்த நேரத்தில் வாசலில் கார் ஹாரன் கேட்டது.

"ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள உள்ள வரணும்! வாங்க, வாங்க, சீக்கிரம்!" என்று ராசம்மாளின் குரல் தெருவெல்லாம் கேட்டது. காரிலிருந்து இறங்கிக்கொண்டே அவள் தம்பியிடம் காதில் சொல்கிற மாதிரி எல்லோருக்கும் சொன்னாள்: "சொன்ன நேரத்துக்கு வந்தா தண்ணிக்குச் சிங்காரம் பண்ணி வச்சிருப்பாங்க. இப்பத்தான் உள்ளது உள்ளபடி தெரியும்."

சாவித்திரி கொல்லைப் பக்கம் ஓடி வந்தாள். "டேய், கால் கழுவத் தண்ணி இல்ல! தொட்டி காலி! மோட்டாரப் போடு!"

தன் வீட்டில் சரிவந்தபின் வெளியூர்களில் நாலைந்து வீடுகளுக்கும் சாஃப்ட்னர் மாட்டிவிட்டு, போகும்போது ராம்கி ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிவிட்டு வருவான்: அலசாம கைப்பிடியத் திருப்பாதீங்க. அந்த வார்த்தை அன்றைக்கு அவனுக்கே ஞாபகம் வரவில்லை. கைப்பிடியை நேரே வீட்டுப் பக்கம் திருப்பினான். மோட்டாரைப் போட்டான். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிக் கும்பிட்டான்.

ராசம்மாள் கையில் ஒரு மஞ்சள் பை. கூடத்தில் உட்காரச் சொன்னதற்கு அடுக்களையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். பையிலிருந்து முதலில் ஒரு துணி முடிச்சு வந்தது. அதில் துவரம்பருப்பு. அடுத்து உறை பிரிக்காத சோப்பு. இரண்டையும் சாவித்திரி முன்னால் வைத்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க பருப்பு, உங்க தண்ணி. உப்பு, மஞ்சள் எதுவும் வேணாம். சும்மா ஏத்துங்க. குக்கரும் வேணாம்."

"தாராளமா" என்றாள் சாவித்திரி. அவளுக்கு மகன் மேல் அவ்வளவு நம்பிக்கை. குழாயைத் திறந்து பாத்திரம் நிறையப் பிடித்தாள். ராசம்மாள் அடுப்பின் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, பருப்பைக் கண் கொட்டாமல் பார்த்தாள். தியாகராசன் கூடத்திலிருந்து, "வீடு காத்தோட்டமா இருக்கு" என்றார். யாரும் கேட்கவில்லை.

ராம்கி கதவோரம் நின்றான். ஏதோ ஒன்று மனதை நெருடிக்கொண்டே இருந்தது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

பருப்பு பொங்கி அடங்கியது. இரண்டாம் கொதியிலேயே ராசம்மாள் கரண்டியால் ஒன்றை எடுத்து நசுக்கினாள். வெண்ணெயாகக் குழைந்தது. அவள் புருவம் மேலே போயிற்று. சாவித்திரி மகனைப் பார்த்துக் கண்ணடித்தாள். ராம்கிக்குப் பூமியில் கால் பாவவில்லை. மனதில் கல்யாணப் பந்தல் போட்டு வாழைமரம் கட்டி, ஜாஃபர் சாதிக்கை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டான்.

ராசம்மாள் எழுந்து குழாயடிக்குப் போனாள். சோப்பை உரித்துக் கையில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். நுரை வருவது போல வந்து அடங்கிப் போயிற்று. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து வெந்த பருப்பில் ஒரு துளி எடுத்து வாயில் போட்டாள். அவள் முகம் மாறியது.

"சோப்பு நுரைக்கல. தண்ணி உப்பு கரிக்குது. இந்தத் தண்ணியில பருப்பு மட்டும் எப்படிம்மா வெந்துச்சு?"

"எப்படின்னா?" என்றாள் சாவித்திரி.

"நானும் உப்புத் தண்ணி ஊர்ல குடும்பம் நடத்துறவதான். ஆப்ப சோடா போட்டியா இல்லையா?"

"நானா? உங்க கண்ணு முன்னாடிதானே ஏத்துனேன்? கண்ணையே எடுக்கலியே நீங்க!"

"முன்னாடியே பாத்திரத்துல தடவி வச்சிருந்தா?"

"அக்கா, வீடு பார்க்க வந்தவங்கன்னு பார்க்கிறேன்." சாவித்திரியின் குரல் ஏறியது. "என் சமையல்ல இதுவரைக்கும் சோடா போட்டதில்ல. ஆப்பத்துக்கே போட்டதில்ல!"

தியாகராசன் எழுந்து நின்றார். "காத்தோட்டமா இருக்குன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ராசம்மாள் மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

உப்பு கரிக்குது என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் ராம்கிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொன்னால் தன் மானம் போகும். சாஃப்ட்னர்காரன் வீட்டிலேயே சாஃப்ட்னர் கடல் தண்ணீர் கொடுத்தது என்று மணக்கொல்லை டீக்கடையில் பொங்கல் வரைக்கும் பேசுவார்கள். சொல்லாவிட்டால் அம்மா சோடா போட்டவள் ஆகிவிடுவாள், பூர்ணிமாவும் இல்லை.

"பெரியம்மா, அம்மா மேல தப்பில்ல. நான்தான் அலசல!"

"எதை அலசல?"

"உருளையை. நீங்க சீக்கிரம் வந்துட்டீங்கன்னு பதறிப்போயி, உப்புக் கொடுத்த உருளைய அலசாமலே திருப்பிட்டேன். அதுல சுண்ணாம்பு சுத்தமா இல்ல, அதான் பருப்பு வெந்துச்சு. நான் போட்ட உப்பு மட்டும் நிக்கிது, அதான் நுரைக்கல. பருப்ப வேகவிடாதது உப்பு இல்ல பெரியம்மா, சுண்ணாம்புதான்."

"உப்புத் தண்ணிய சரிபண்ண உப்பா போட்ட?" ராசம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டா தம்பி, தலையில அடிகிடி பட்டுதா?"

"ஒரு தடவ கொல்லைக்கு வந்து பாருங்க. அப்புறம் கிளம்புங்க."

"போகலாம்னுதான் பையை எடுத்தேன்" என்றாள் அவள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் தெரியாத ஒன்று இருப்பதை அவளால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. கொல்லைக்கு வந்தாள்.

ராம்கி மாடித் தொட்டியில் ஏறியிருந்த உப்புத் தண்ணீரை வெளியே திறந்துவிட்டான். கைப்பிடியை அலசும் பக்கம் திருப்பினான். கழிவு ஹோஸிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டியது. ராசம்மாள் குனிந்து ஒரு கை ஏந்தி வாயில் வைத்துத் தூ என்று துப்பினாள். "கடலு." கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஏந்தினாள். "ஊறுகா." மறுபடியும். "ரசம். உப்பு கொஞ்சம் தூக்கல்." சாவித்திரிக்குக் கோபம் மறந்து சிரிப்பு வந்துவிட்டது. தியாகராசனும் வந்து ஏந்திப் பார்த்தார். நாலு பேரும் ஹோஸைச் சுற்றிக் குந்தி, பந்தியில் பரிமாறக் காத்திருப்பவர்கள் மாதிரி மாறி மாறிக் கை நீட்டினார்கள்.

அப்போது அம்மா கூடத்திலிருந்து எடுத்து வந்திருந்த செல்போன் அடித்தது. கிட்டே இருந்தது ராசம்மாள். வாங்கிப் பார்த்தாள்.

"யாரு தம்பி இது, எல்போ?"

ராம்கி கையை நீட்டுவதற்குள் அவள் காதில் வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் குரல் கொட்டியது: "ஏங்க, எத்தனை மெசேஜ் போடுறது? அந்தக் கிழவி பருப்பு ஏத்திட்டாங்களா? வெந்துச்சா? நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன்!"

"ஏத்தியாச்சுடி, வெந்துருச்சு" என்றாள் ராசம்மாள். "கிழவி இப்ப வாய்க்கால்ல தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கா. வச்சிடு." வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வழியாக ஹோஸ் தண்ணீரில் கரிப்பு அடங்கியது. ராம்கி சோதனைக் குழாயில் பிடித்துச் சொட்டு விட்டான். நாலு தலைகள் அதன் மேல் கவிந்தன. நீலம்! ராசம்மாள் நம்பாமல் பக்கத்தில் பழைய போர்த் தண்ணீரைத் தானே பிடித்து வந்து விடச் சொன்னாள். சிவப்பு. மறுபடியும் இதில். நீலம். மருந்துப் புட்டி பாதியாகிவிட்டது.

ராம்கி கைப்பிடியை வீட்டுப் பக்கம் திருப்பி, தொட்டி நிறைந்ததும் ராசம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன எவரும் அதுவரை கேட்டிராத கேள்வி.

"நல்லெண்ணெய் இருக்கா? உங்களைக் கையும் களவுமா பிடிக்கறதுக்காக வெள்ளிக்கிழமையும் அதுவுமா தலை முழுகாம கிளம்பி வந்துட்டேன்."

சாவித்திரி எண்ணெயும், புதுத் துண்டும், ஷாம்பு பாக்கெட்டும் எடுத்துக் கொடுத்தாள். தியாகராசன், "அக்கா, மொத மொதல்ல வந்த வீட்டுல..." என்று ஆரம்பித்தார். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது.

மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. வெகுநேரம் கேட்டது. ராம்கியின் வாழ்க்கை அந்தக் கதவுக்குப் பின்னால் தலை தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய் மாடித் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். பாதி காலி.

உள்ளேயிருந்து திடீரென்று குரல் வந்தது. "இது என்னடா இது! நுரை போக மாட்டேங்குதே!"

"போயிருச்சு பெரியம்மா! சுண்ணாம்பு இல்லாத தண்ணி அப்படித்தான் வழவழன்னு இருக்கும்!" என்று ராம்கி கத்தினான்.

"எங்கடா போச்சு? ஊத்த ஊத்த வழுக்குது!"

"ஊத்துனது போதும்க்கா, வந்துருங்க!" என்றாள் சாவித்திரி.

"நாப்பது வருஷமா நுரை வரலன்னு அழுதவடி நான்! இன்னைக்குத்தான் வந்திருக்கு, அதுக்குள்ள போகச் சொல்றியா? இன்னும் நாலு சொம்பு ஊத்திக்கிறேன்!"

அதன்பிறகு உள்ளேயிருந்து பாட்டா, முனகலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. தியாகராசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா பாடிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ அவருக்கு.

ராகுகாலம் முடிந்து, மதியச் சாப்பாட்டு நேரமும் நெருங்கியபின் ராசம்மாள் தலையில் துண்டோடு வெளியே வந்தாள். வெயிலில் நின்று துண்டை அவிழ்த்து முடியை உதறினாள். கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் அந்தக் கொஞ்சமும் பட்டு நூலாகப் பறந்து முகத்தில் விழுந்தது. அதை ஒதுக்கிக்கொண்டே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"காப்பி கொண்டா சாவித்திரி" என்றாள்.

சாவித்திரிக்கு முந்தி ராம்கியே காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றினான்.

"ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி அதிராம்பட்டினத்துப் பக்கம் எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு மாட்டணும். எங்க வீடு பழைய வீடு. போர் ஒரு மூலையில, குளிக்கிற எடம் இன்னொரு மூலையில. பைப் வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். அவ்வளவு வளைவுக்கும் சாமான் இருக்கா உன்கிட்ட?"

ராம்கி கொல்லையில் இருந்த சாக்கைப் பார்த்தான். சாவித்திரி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை ராம்கி மயிலாடுதுறைக் கடைக்குப் போனான். பூர்ணிமா நீலப் புடவையில் பில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒரு எல்போதானே?" என்றாள்.

"வேணாம். வீட்டுல நிறைய இருக்கு. அதெல்லாம் உங்க அத்தை வீட்டுக்குப் போகுது."

"அப்போ என்ன வேணும்?"

ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அந்தக் கடையில் ஒன்றும் வாங்காமல் நின்றான்.

"வாங்காதவங்க கல்லாவ மறைச்சு நிக்கக் கூடாது தம்பி" என்று உள்ளேயிருந்து ஜாஃபர் சாதிக் குரல் கொடுத்தார். "நாற்காலி எடுத்துப் போட்டு உக்காருங்க."